'ஜவ்வு தேய்ந்துவிட்டது' என்றால் எது தேய்ந்தது?

முழங்கால் வலிக்காக எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வெளியே வரும் அறுபது வயதுப் பெண்மணி, "ஜவ்வு தேய்ந்துவிட்டதாம்" என்கிறார். கால்பந்து ஆடும்போது காலைத் திருகிக்கொண்ட கல்லூரி மாணவர், "ஜவ்வு கிழிந்துவிட்டது" என்கிறார். குனிந்து மூட்டை தூக்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்ட சுமைத் தொழிலாளி, "ஜவ்வு விலகிவிட்டது" என்கிறார். சொல் ஒன்றுதான், மூவருக்கும் பழுதான பொருள் வெவ்வேறு, சிகிச்சையும் வெவ்வேறு. முதலாமவர் நடக்க வேண்டியவர். இரண்டாமவர் சில வாரங்களாவது காலைத் திருகாமல் காக்க வேண்டியவர். ஒருவருக்குச் சொன்ன யோசனையை மற்றவர் எடுத்துக்கொள்வது நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது.

'தேய்மானம்' என்ற சொல் இன்னும் வில்லங்கமானது. செருப்பு தேய்கிறது, டயர் தேய்கிறது; குறைவாகப் பயன்படுத்தினால் நீண்ட நாள் வரும். அதே கணக்கை மூட்டுக்கும் போட்டு, "இனிமேல் மாடி ஏறாதீர்கள், நடையைக் குறையுங்கள்" என்று முடித்துவிடுகிறோம். இந்தக் கணக்கு மூட்டுக்குச் செல்லாது. காரணம் மூட்டின் கட்டுமானத்திலேயே இருக்கிறது.

மூட்டு என்றால் அசைய வேண்டும் என்பதில்லை

இரண்டு எலும்புகள் சந்திக்கும் இடம் மூட்டு. இலக்கணம் அவ்வளவுதான், அசைவு அதில் கட்டாயமில்லை. எலும்புகளைப் பிடித்துவைத்திருப்பது எது என்பதைப் பொறுத்து மூன்று வகை உண்டு.

1. நாரால் தைத்தவை. மண்டையோட்டு எலும்புகளுக்கு நடுவே நெளிநெளியாகத் தெரியும் கோடுகள் இவை. வளர்ந்தவர்களுக்கு இவை அசைவதில்லை என்றே சொல்லலாம்.
2. குருத்தெலும்பால் ஒட்டியவை. முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டத் தட்டுகள், இடுப்பெலும்புகள் அடிவயிற்றின் கீழே முன்பக்கம் சேரும் இடம். கொஞ்சம் வளையும், கொஞ்சம் அமுங்கும்.
3. நடுவில் திரவம் உள்ளவை. தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், விரல்கள். பேச்சில் நாம் மூட்டு என்பது இவற்றைத்தான்.

மூன்றாம் வகையில் எலும்பு முனைகளின் வடிவமே அசைவைத் தீர்மானிக்கிறது. முழங்கை கதவைப் போல ஒரே தளத்தில் மடங்கும். கட்டைவிரலின் அடிமூட்டு, ஒரு சேணத்தின்மேல் இன்னொரு சேணத்தைக் குறுக்காகக் கவிழ்த்தது போன்றது. அதனால்தான் கட்டைவிரல் மற்ற நான்கு விரல் நுனிகளையும் தொடுகிறது, நம்மால் சோற்றைப் பிசைந்து உருட்ட முடிகிறது. 'இல்லை' என்று தலையாட்டும்போது கழுத்தின் திருப்பத்தில் ஏறக்குறைய பாதி, முதல் இரண்டு கழுத்தெலும்புகளுக்கு நடுவே மட்டும் நடந்து முடிகிறது.

தோளும் இடுப்பும் பந்தும் கிண்ணமும் போன்ற மூட்டுகள். ஆனால் இடுப்பின் கிண்ணம் ஆழமானது. பந்து எளிதில் வெளியே வராது, சுழற்சியும் அளவோடுதான். தோளில் கிண்ணத்துக்குப் பதில் ஒரு சிறு தட்டுதான் இருக்கிறது. கை எல்லாப் பக்கமும் சுழல்வதற்குக் கொடுத்த விலை, உடலின் பெரிய மூட்டுகளில் அதிகம் நழுவுவது தோள் என்பது.

கறிக்கடையில் பார்க்கக் கிடைப்பது

ஆட்டின் பின்னங்காலை மூட்டோடு பிரிக்கும்போது ஒரு நிமிடம் நின்று பார்த்தால் பாடப்புத்தகப் படம் தேவைப்படாது. தொடையெலும்பின் முனையில் நீலம் பாய்ந்த வெள்ளை நிறத்தில் பளபளக்கும் ஒரு மூடி இருக்கும். நகத்தால் அழுத்தினால் லேசாக இணங்கும், விட்டால் பழையபடி ஆகும். மூட்டைத் திறந்த விரலில் கொழகொழவென்று ஒன்று ஒட்டி, இரண்டு விரல்களைப் பிரித்தால் நூலாக இழுபடும். எலும்புகளுக்கு நடுவே பிறை வடிவில் இரண்டு வெள்ளைத் துண்டுகள் கிடக்கும். கத்தி எளிதில் வெட்ட மறுக்கும் கயிறுகள் இரு எலும்புகளையும் கட்டியிருக்கும். மனித முழங்காலிலும் இதே சாமான்கள்தான். 'ஜவ்வு' என்ற ஒரே சொல்லால் நாம் குறிப்பவை இவை:

1. குருத்தெலும்பு. எலும்பு முனையை மூடும் அந்தப் பளபளப்பு. மனிதரில் பெரும்பாலான இடங்களில் 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன். முட்டிச் சில்லின் பின்புறம்தான் உடலிலேயே தடித்த பகுதி. அறுபது வயதுப் பெண்மணிக்குப் பழுதானவற்றில் முதன்மையானது இது.
2. மெனிஸ்கஸ் என்னும் பிறைத் துண்டுகள். உருண்ட தொடையெலும்பு, தட்டையான கெண்டைக்கால் எலும்பின்மேல் ஆடாமல் உட்காரச் சும்மாடு போல உதவி, சுமையைப் பரப்பிவிடுபவை. வெளி விளிம்பில் மட்டும் ரத்த ஓட்டம் உண்டு. அதனால் விளிம்புக் கிழிசல் ஆறும் வாய்ப்பு அதிகம், உட்பக்கக் கிழிசலுக்குக் குறைவு.
3. லிகமென்ட் என்னும் கட்டுக் கயிறுகள். முழங்காலில் முக்கியமானவை நான்கு: பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, நடுவில் பெருக்கல் குறி போலக் குறுக்கிட்டு இரண்டு. கால்பந்து மாணவருக்கு அறுந்தது பெரும்பாலும் நடுவில் உள்ளவற்றில் முன்பக்கத்தது. 'டப்' என்ற சத்தமும் சில மணி நேரத்தில் ஏறும் வீக்கமும் அதன் அடையாளம்.
4. முதுகெலும்பு இடைத்தட்டு. சுமைத் தொழிலாளிக்குப் பிதுங்கி நரம்பை அழுத்துவது இது. முழுத் தட்டும் இடம்விட்டு 'விலகுவது' இல்லை. வெளி வளையம் விரிசல்விட்டு உள்ளிருக்கும் பசை வெளியே தள்ளுகிறது.

சொல்லப்போனால், மூட்டில் ஜவ்வு என்ற பெயருக்கு உண்மையிலேயே பொருந்தும் ஐந்தாவது பொருள் ஒன்று இருக்கிறது; அதை யாரும் அப்படி அழைப்பதில்லை. மூட்டைச் சுற்றியுள்ள உறையின் உட்புறம் படர்ந்த மெல்லிய படலம்தான் அது. மூட்டுத் திரவத்தைச் சுரப்பது இந்தப் படலமே. திரவம் முட்டையின் வெள்ளைக்கரு போலிருக்கும். ஆரோக்கியமான முழங்காலில் ஒரு தேக்கரண்டி அளவுகூட இருக்காது. "மூட்டில் கிரீஸ் வற்றிவிட்டது" என்பார்கள். நடப்பது பெரும்பாலும் நேர்மாறு: மூட்டு கெடும்போது படலம் எரிச்சலடைந்து கூடுதலாகச் சுரக்கிறது, முழங்கால் வீங்குகிறது.

விரலில் சொடக்கு எடுக்கும்போது கேட்கும் சத்தமும் இந்தத் திரவத்திலிருந்துதான் வருகிறது. எலும்புகள் விலகும்போது அழுத்தம் குறைந்து வாயுக் குழி உருவாகிறது. அது கரைய ஏறக்குறைய இருபது நிமிடம் ஆவதால்தான் உடனே மறுபடி சொடக்கு விழுவதில்லை. சொடக்கு எடுத்தால் மூட்டு கெடும் என்று சொல்லி வளர்த்ததைச் சோதிக்க, டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இடது கையில் மட்டும் சொடக்கு எடுத்துப் பார்த்தார். இரு கைகளுக்கும் வித்தியாசம் இல்லை. 2009இல் அவருக்கு, சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு கிடைத்தது. ஒரே ஆளிடம் நடந்த சோதனை என்பதால் அதை நிரூபணம் என்று சொல்ல முடியாது; பிடிவாதத்துக்கான பரிசு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

கீல் என்ற சொல் சொல்லாமல் விடுவது

கதவில் இருப்பதும் கீல், உடம்பில் இருப்பதும் கீல். 'கீல்வாதம்' என்ற சொல் அங்கிருந்துதான் வருகிறது. முழங்காலுக்கு அந்தப் பெயர் பாதிதான் பொருந்தும். கதவுக் கீலின் அச்சு ஓரிடத்தில் நிற்கும். முழங்கால் மடங்கும்போது தொடையெலும்பு ஒரே நேரத்தில் உருளவும் வழுக்கவும் செய்கிறது, அச்சு நகர்ந்துகொண்டே இருக்கிறது. காலை முழுவதும் நீட்டும் கடைசி இருபது முப்பது பாகையில் கெண்டைக்கால் எலும்பு சற்று வெளிப்புறமாகத் திரும்பி, திருகாணி போலப் பூட்டிக்கொள்கிறது. வரிசையில் நெடுநேரம் நிற்கும்போது தொடைத் தசை சோராமலிருப்பது இந்தப் பூட்டால்தான். மடக்கத் தொடங்கும்போது முழங்காலின் பின்புறமுள்ள ஒரு சிறு தசை அதைத் திறக்கிறது.

முட்டிச் சில்லு கிணற்றுக் கப்பியின் வேலையைச் செய்கிறது. தொடைத் தசையின் இழுப்பு அதன்மேல் ஏறிப் போவதால் நெம்புவிசை கூடுகிறது. சில்லின் பின்புறக் குருத்தெலும்பு உரச ஆரம்பித்தவர்களுக்குச் சமதளத்தில் நடப்பதைவிடப் படி இறங்குவது வலிப்பது இதனால்தான்.

சுமையும் நாம் நினைப்பது போல உடல் எடை மட்டும் இல்லை. தசைகள் இழுக்கும் விசையும் சேர்ந்துகொள்வதால், சமதளத்தில் நடக்கும்போதே முழங்காலில் உடல் எடையைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் விழுகிறது. படி இறங்கும்போது மூன்று மடங்கைத் தாண்டுகிறது. எழுபது கிலோ மனிதரின் முழங்கால் ஒவ்வொரு படியிலும் இருநூறு கிலோவுக்கு மேல் தாங்குகிறது. உராய்வோ மிகக் குறைவு: பனிக்கட்டிமேல் பனிக்கட்டி வழுக்குவதைவிடக் குறைவு.

ரத்தம் போகாத இடம்

தேய்மானக் கணக்கு எங்கே பிழைக்கிறது என்பது இங்கேதான் தெரிகிறது. முதிர்ந்த குருத்தெலும்பில் ரத்தக் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. ஆனால் அது உயிருள்ள திசு. உள்ளே சிதறலாகச் செல்கள் வாழ்கின்றன, அவற்றுக்குச் சாப்பாடு வேண்டும்.

சாப்பாடு வரும் வழி இது:

1. குருத்தெலும்பின் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் தண்ணீர். நீரை இழுத்துப் பிடிக்கும் மூலக்கூறுகள், கொலாஜன் என்னும் புரத இழைகளால் பின்னிய வலைக்குள் அடைபட்டிருக்கின்றன.
2. கால் ஊன்றும்போது சுமையின் பெரும்பகுதியைத் தாங்குவது இந்த அடைபட்ட நீர்தான். கொஞ்சம் நீர் வெளியே கசிகிறது.
3. காலை எடுக்கும்போது மூட்டுத் திரவம் மீண்டும் உள்ளே ஊறுகிறது. சத்தும் ஆக்சிஜனும் அதோடு போகின்றன, கழிவு வெளியேறுகிறது.

ஊன்றுவதும் எடுப்பதும் மாறி மாறி நடக்காவிட்டால் இந்தப் போக்குவரத்து தளர்ந்துவிடும். முதுகுத் தண்டுவடம் அடிபட்டுக் கால்கள் செயலிழந்தவர்களின் முழங்காலை ஸ்கேன் செய்து பார்த்தபோது, குருத்தெலும்பு மாதக் கணக்கில் மெலிந்துகொண்டே போனது தெரிந்தது. நடக்காத கால்; தேய வழியே இல்லாத கால்; அதில் குருத்தெலும்பு மெலிகிறது. மறுபக்கம் ஓட்டக்காரர்கள். பல ஆய்வுகளைத் திரட்டி 2017இல் வெளியான ஒரு பகுப்பாய்வில், உடல்நலத்துக்காக அளவோடு ஓடுபவர்களில் 3.5 விழுக்காட்டினருக்கு இடுப்பு, முழங்கால் மூட்டழற்சி இருந்தது. ஓடாமல் உட்கார்ந்திருந்தவர்களில் 10.2 விழுக்காடு, போட்டிகளுக்காக ஓடுபவர்களில் 13.3 விழுக்காடு. வலி இல்லாதவர்கள்தான் தொடர்ந்து ஓடுவார்கள் என்பதால் இந்த எண்களை அப்படியே காரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் 'ஓடினால் தேயும்' என்ற நேர்கோட்டுக் கணக்கு உடைந்துவிடுகிறது.

ரத்தம் இல்லாததற்கு ஒரு தண்டனையும் உண்டு. தோலில் பட்ட காயத்துக்கு ரத்தம் பழுதுபார்க்கும் ஆட்களை அழைத்து வருகிறது. குருத்தெலும்புக்கு அந்த வசதி இல்லை. ஒருமுறை அழிந்தால் குருத்தெலும்பு திரும்ப வராது என்று உடற்கூறு அறிஞர் வில்லியம் ஹன்ட்டர் 1743இல் லண்டனில் எழுதினார். இன்று சிறு பள்ளங்களை நிரப்பும் அறுவை முறைகள் உள்ளன. ஆனால் வயதானவரின் மூட்டு முழுவதிலும் பழைய குருத்தெலும்பை மறுபடி வளர்க்கும் சிகிச்சை இன்றும் இல்லை.

எக்ஸ்ரேயில் தெரிவதும் தெரியாததும்

'தேய்மானம்' என்று நாம் சொல்லும் நோயின் பெயர் ஆஸ்டியோ ஆர்த்ரைடிஸ். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2019இல் உலகில் 52.8 கோடிப் பேருக்கு இது இருந்தது. ஏறக்குறைய 60 விழுக்காட்டினர் பெண்கள். அதிகம் தாக்கப்படுவது முழங்கால். இது குருத்தெலும்போடு நிற்கும் நோய் இல்லை: அடியில் உள்ள எலும்பு தடிக்கிறது, ஓரங்களில் எலும்பு முளைகள் கிளம்புகின்றன, உட்படலம் அழற்சியடைகிறது, தொடைத் தசை சூம்புகிறது. குருத்தெலும்பில் நரம்பே இல்லாதபோது வலி எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கும் விடை இந்தப் பட்டியலில் இருக்கிறது. வயது, உடல் பருமன், பழைய காயம், பரம்பரை, காலின் வளைவு, பல ஆண்டுகள் குந்தியும் மண்டியிட்டும் சுமை தூக்கியும் செய்த வேலை ஆகியவை இதற்கு வழி செய்கின்றன.

எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது. மருத்துவர் பார்ப்பது இரு எலும்புகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தை. அது குறைந்திருந்தால் நடுவில் இருந்தது குறைந்துவிட்டது என்பது ஊகம். படுத்தபடி எடுத்தால் இடைவெளி அகலமாகத் தெரியக்கூடும். அதனால் முழங்கால் எக்ஸ்ரேயை நின்றபடி எடுப்பதுதான் முறை. அறிக்கையில் வரும் 'கிரேடு 2', 'கிரேடு 3' ஆகியவை கெல்கிரென், லாரன்ஸ் என்ற இருவர் 1957இல் வகுத்த, பூஜ்யம் முதல் நான்கு வரையிலான படிநிலை. அது படத்துக்குக் கொடுத்த மதிப்பெண், வலிக்குக் கொடுத்தது இல்லை. கிரேடு 3 உடன் கோவில் படி ஏறுபவர்களும் உண்டு, கிரேடு 1 உடன் தூக்கம் கெட்டவர்களும் உண்டு. படத்தை மட்டும் பார்த்து அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பதை ஏற்றுக்கொள்ளவே முடியாது.

வலிக்கிற மூட்டெல்லாம் தேய்ந்த மூட்டு இல்லை

1. முடக்குவாதம். உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டின் உட்படலத்தைத் தாக்கும் நோய். உலகில் ஏறக்குறைய 1.8 கோடிப் பேருக்கு உண்டு. சுமார் 70 விழுக்காடு பெண்கள். பெரும்பாலும் இரு கைகளிலும் ஒரே மாதிரி, நகத்தை ஒட்டிய மூட்டை விட்டுவிட்டு மற்ற விரல் மூட்டுகளில் தொடங்குகிறது. காலையில் எழுந்ததும் விரல்கள் விறைத்து, காபி டம்ளரைப் பிடிக்கவே ஒரு மணி நேரம் ஆகிறது என்றால் இதைச் சந்தேகிக்க வேண்டும். தேய்மானத்தில் காலை விறைப்பு பொதுவாக அரை மணிக்குள் விலகிவிடும். முதல் சில மாதங்களில் சிகிச்சை தொடங்கினால் மூட்டு சிதைவதைத் தடுக்க முடியும். முதன்மை மருந்தான மெத்தோட்ரெக்ஸேட்டை வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டு உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. மாத்திரை அட்டையின்மேல் கிழமையைப் பேனாவால் எழுதி வைப்பது நல்லது.

2. கவுட். யூரிக் அமிலம் ஊசிப் படிகங்களாக மூட்டில் படிவது. இரவில் கால் பெருவிரல் அடிமூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகும். ரத்தத்தில் அளவு டெசிலிட்டருக்கு சுமார் 6.8 மில்லிகிராமைத் தாண்டும்போது படிகமாகும் நிலை வருகிறது. இரண்டு குழப்பங்கள் உண்டு: வலி வந்த அன்று எடுத்த பரிசோதனையில் அளவு சரியாக இருக்கலாம், உடல் பரிசோதனையில் அளவு கூடியிருப்பதாலேயே ஒருவருக்கு கவுட் என்று ஆகிவிடாது.

3. கிருமி புகுந்த மூட்டு. ஒரே மூட்டு திடீரென்று சூடாக வீங்கி, அசைக்கவே முடியாமல், காய்ச்சலும் இருந்தால் அன்றே மருத்துவமனை. நாட்கணக்கிலேயே குருத்தெலும்பு அழியும். எண்ணெய் தேய்த்து நீவிவிடும் நேரம் இதுவல்ல.

4. சிக்குன்குனியா. 1952இல் தான்சானியாவில் கண்டறியப்பட்ட வைரஸ். பெயருக்கு அங்குள்ள மகோண்டே மொழியில் 'வளைந்து போவது' என்று பொருள். 1964இல் சென்னையிலும் வேலூரிலும் பரவியது. நெடுங்காலம் அடங்கியிருந்து 2006இல் இந்தியாவில் 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தாக்கியது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போனாலும் மூட்டு வலி சிலருக்கு மாதங்களும் ஆண்டுகளும் நீடிக்கும்.

5. உறைந்த தோள். மூட்டின் உறை தடித்துச் சுருங்குவது. சர்க்கரை நோயாளிகளுக்கு அதிகம். பின்னலிடவும் ஜாக்கெட் கொக்கி போடவும் முடியாது என்பதுதான் முதல் புகாராக வரும்.

எது பலன் தருகிறது

ஆஸ்டியோ ஆர்த்ரைடிஸுக்கு முதல் சிகிச்சை உடற்பயிற்சியும் எடைக் குறைப்பும். கேட்பவர் முகம் வாடும் பதில்தான். ஆனால் தொடைத் தசை வலுத்தால் மூட்டில் விழும் அதிர்வை அது வாங்கிக்கொள்கிறது. எடை கூடிய முதியவர்களிடம் நடந்த ஆய்வில், குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் முழங்காலின் சுமை அடிக்கு அடி நான்கு கிலோ குறைந்தது.

மூட்டு வலிக்காக விற்கப்படும் குளுக்கோசமின் மாத்திரைகளை 2006இல் 1,583 பேரிடம் சோதித்த அமெரிக்க ஆய்வில், ஒட்டுமொத்தமாக அவை வெற்று மாத்திரையை விஞ்சவில்லை. துளைவழிக் கருவியால் மூட்டைக் கழுவிச் சுரண்டும் அறுவையை, தோலில் கீறல் மட்டும் போட்ட போலி அறுவையோடு 2002இல் ஹூஸ்டனில் 180 பேரிடம் ஒப்பிட்டார்கள், வித்தியாசம் இல்லை. ஆட்டுக்கால் சூப்பின் கதையும் இதுதான். அதன் கொலாஜன் வயிற்றில் அமினோ அமிலங்களாக உடைந்துவிடும். நேராக முழங்காலைத் தேடிப் போய் உட்காராது. ருசிக்குக் குடிப்பதில் தவறில்லை.

மாற்றும்போது எதை மாற்றுகிறார்கள்

நடை, தூக்கம், அன்றாட வேலை எல்லாம் முடங்கிய பிறகு வருவது மூட்டு மாற்று. முழங்காலையே எடுத்துவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. எலும்பு முனைகளில் சில மில்லிமீட்டர் சீவி, தொடையெலும்புக்கு உலோக மூடியும், கீழே உலோகத் தட்டும், நடுவில் பாலிஎதிலீன் துண்டும் பொருத்துகிறார்கள்; பல்லுக்கு மூடி போடுவதற்கு நெருக்கமான வேலை. இந்தப் பிளாஸ்டிக்குக்குத்தான் 'தேய்மானம்' என்ற சொல் அசலாகப் பொருந்தும். 2019இல் வெளியான பெரிய தொகுப்பின்படி, முழு முழங்கால் மாற்றுகளில் சுமார் 82 விழுக்காடு 25 ஆண்டுகள் நீடிக்கின்றன. ஐம்பது வயதுக்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

விலையிலும் குழப்பம் உண்டு. 2017 ஆகஸ்ட் 16 அன்று தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு விதித்தபோது, சராசரியாக 1.58 லட்சம் ரூபாய் அச்சிடப்பட்டிருந்த கோபால்ட்-குரோமியம் மூட்டின் விலை, வரி நீங்கலாக 54,720 ரூபாயானது. பின்னர் இத்தொகை திருத்தப்பட்டிருக்கிறது. இந்த வரம்பு, உடலில் பொருத்தும் சாதனத்துக்கு மட்டுமே. அறை வாடகை, அறுவைக் கட்டணம், இயன்முறை சிகிச்சை அதில் வராது. பில்லில் சாதனத்தின் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

அறுவை முடிந்த அன்றோ மறுநாளோ நோயாளியை எழுப்பி நிற்க வைக்கிறார்கள். பிறகு இயன்முறை சிகிச்சையாளர் கோணமானியைப் பக்கவாட்டில் வைத்து அளக்கிறார். சமதளத்தில் நடக்க 60 பாகைக்குச் சற்று மேல் மடங்கினால் போதும். நாற்காலியிலிருந்து எழ 90 வேண்டும். சம்மணமிட்டுத் தரையில் உட்கார 130ஐத் தாண்ட வேண்டும்; பெரும்பாலான செயற்கை மூட்டுகள் அதற்குச் சற்று முன்பே நின்றுவிடுகின்றன. பந்தியில் இலை போட்டுத் தரையில் அமர்பவர்கள், நாள் குறிப்பதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்க வேண்டிய எண் அது.